யார் யாருக்கு ‘நீர்’?

வகுப்பில் முன்னிலைப் பெயர்களைப் படித்தபோது எனக்கு நீர்வேலி ஞாபகம் வந்தது. ஊர்ப்பெயரில் உள்ள தண்ணீரால் அல்ல, ‘நீர்’ என்று ஒருவரை அழைக்கும் சொல்லால்.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் புத்தளத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில்தான் இங்கு வந்தேன். அங்கே எங்களுக்கு ‘நீ’யும் ‘நீங்க’வும்தான். ‘நீர்’ என்பது பாடப்புத்தகத்தில் அரசரும் புலவரும் பேசும் சொல். இங்கே ஆசிரியை என்னைப் பார்த்து, “நீர் வாசியும்” என்றதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வாரமே வாப்பாவுடன் நீர்வேலிக்கு வாழைக்குலை வாங்கப் போனேன். தோட்டக்கார ஐயாவுக்கு எழுபது வயதிருக்கும். மரியாதை காட்ட நினைத்து, “நீர் இந்தக் கதலிக்குலையை என்ன விலைக்குத் தருவீர்?” என்று கேட்டேன். அவர் முகம் கறுத்துவிட்டது. வாப்பாவிடம், “பிள்ளைக்கு ஆர் இப்பிடிக் கதைக்கப் பழக்கினது?” என்றார்.

திரும்பும் வழியில் வாப்பா விளங்கப்படுத்தினார். யாழ்ப்பாணத்தில் வா, வாரும், வாங்கோ என்று மூன்று படிகள். நடுப்படியில் நிற்கும் ‘நீர்’ ஆசிரியர் மாணவரிடமும், கணவன் மனைவியிடமும், ஒத்த வயதினர் தமக்குள்ளும் சொல்வது. சிறியவருக்கு அது உயர்வு, முதியவருக்கு இறக்கம். முன்பு சாதி பார்த்து, நரைத்த தலை உழைப்பாளிகளையும் சின்னப்பிள்ளைகள் ‘நீ’ என்று அழைத்தார்களாம். அதையெல்லாம் கண்டு வளர்ந்தவர் காதில் என் ‘நீர்’ எப்படி விழுந்திருக்கும்!

இத்தனைக்கும் நன்னூல் ‘நீர்’ என்பதை நீயிர், நீவிர், எல்லீர் ஆகியவற்றோடு பன்மையில்தான் வைக்கிறது. ஒருவரைப் பன்மையில் அழைத்தால் மரியாதைதானே? ஆனால் தொல்காப்பியம், அப்படி உயர்த்திச் சொல்வதை வழக்கு என்று ஒப்புக்கொள்கிறதே தவிர இலக்கண முறை என்று ஏற்கவில்லை. வழக்கோ ஊருக்கு ஊர் மாறும். இங்கே மேற்படியில் ‘நீங்கள்’ அமர்ந்திருப்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

துஆவில் அல்லாஹ்வை நாம் ‘நீ’ என்கிறோம். என் கிறிஸ்தவத் தோழி ஜெபத்தில் ‘நீர்’ என்கிறாள். இரண்டிலும் குறைவில்லை. அதே தோழியோடு கோபம் வந்தால் நான் ‘நீங்கள்’ என்பேன். அவள் அழுதே விடுவாள்.

சென்ற நோன்பு முடிந்தபின் மறுபடியும் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். “ஐயா, நீங்கள் சுகமா இருக்கிறீங்களா?” என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“இரும் பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்.”

‘இரு’ என்று சொல்லவில்லை.