பறவைகள் வாழும் பொது நிலங்களைப் படத்திற் குறித்தல்

பறவைகளைக் காக்க விரும்புவோர் முதலில் அவற்றின் நிலத்தை அறிதல் வேண்டும். தென்சென்னையில் இதற்கு மூன்று உதாரணங்கள் உள. கிண்டி, சுமார் 270 ஹெக்டேர் விஸ்தீரணமுள்ள புதர்க்காடு. 1978-ல் தேசியப் பூங்காவாயிற்று. அடையாற்று முகத்துவாரம், உவர்நீரும் நன்னீரும் கலக்கும் சேற்றுநிலம். பள்ளிக்கரணை, 2022-ல் ராம்சார் பட்டியலிற் சேர்ந்த சதுப்புநிலம்.

படம் எழுதும் முறையாவது: சர்வே எண்களுள்ள கிராமப் படத்தில் நீரின் ஆழம், கோரை, திறந்த சேறு, புதர் ஆகியவற்றைக் குறிக்க. கூடுகட்டும் இடம், இரைதேடும் இடம், தங்குமிடம் ஆகியவற்றை வெவ்வேறு மையாற் காட்டுக. மழைக்காலத்திலும் கோடையிலுமாக இருமுறை பார்வையிடுதல் அவசியம்; ஏனெனில், சதுப்பின் நீர்ப்பரப்பு கோடையிற் சுருங்கிவிடும்.

தலையெண்ணிக்கையை மாத்திரம் கொண்டு நிலங்களை வரிசைப்படுத்தலாகாது. பள்ளிக்கரணைக்குப் பூநாரைகள் கூட்டமாக வரினும் அவை இங்கே இரைதேடுவனவேயன்றிக் குஞ்சு பொரிப்பன அல்ல. நீளவால் இலைக்கோழியோ மிதக்கும் இலைகளின்மேல் முட்டையிடுவது. நீர் வற்றினும் கொடிகளை அகற்றினும் அதன் கூடு அழியும். ஆகையால்,

1. கூடுகட்டும் இடங்கள்;
2. ஒக்கியம் மடுவு போன்ற நீர்வழிகள்;
3. இரைதேடும் இடங்கள்;
4. சீர்திருத்தத்தக்க கெட்ட நிலங்கள்

என வரிசை அமைதல் நலம். நான்காம் வகையும் புறக்கணிக்கத்தக்கதன்று. குப்பை நிறைந்திருந்த அடையாற்றுக் கழியில் 58 ஏக்கர் திருத்தப்பட்டு, 2011-ல் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

முடிவில், படத்திலுள்ள எல்லையை நிலத்திற் கல்நட்டுக் காட்டி, கிராமக் கணக்கிலும் பதிதல் வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பின் ஒரு பாகம் பெருங்குடிக் குப்பைமேடானதை யாவரும் அறிவர். தூர்ந்த சதுப்பில் பறவைக்கு இரையில்லை. மழைவெள்ளத்திற்கும் இடமில்லாமையால் அது குடியிருப்புகளிற் புகும்.