மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?
மனநிலைக் கோளாறுகளும் அவற்றின் சிகிச்சையும்

மனநலப் புறநோயாளிப் பிரிவில் நான் மிகுதியாகக் கேட்கும் வினா ஒன்று உண்டு. நோய் தணிந்து, நன்கு உண்டு உறங்கி, வேலைக்கும் திரும்பிவிட்ட ஒருவரை அழைத்துவரும் குடும்பத்தார் கேட்பது அது: "இப்போது நன்றாகத்தானே இருக்கிறார், மாத்திரையை நிறுத்திவிடலாமா?" அன்பினாலும் கவலையினாலும் எழும் வினாவே இது. ஆயினும், நோய் திரும்பிச் சிகிச்சைக்கு வருவோர் பலரிடம் விசாரிக்கும்போது, இவ்வினாவுக்கான விடையை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டமை தெரியவருகிறது. இதற்குச் சரியான விடை காண, நோயின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

துயரமும் நோயும்

ஆடிப்பூரத் தேரோட்டத்தில் மனம் பூரிப்பதும், இழவு வீட்டில் மனம் கனப்பதும் இயல்பு. சூழ்நிலைக்கேற்ப எழுந்து, நாளடைவில் அடங்குவது நலமான மனநிலை. அவ்வாறு அடங்காமல், நாள் முழுவதும், வாரக்கணக்கில் நீடித்து, உறக்கம், உணவு, உழைப்பு, உறவு ஆகியவற்றைக் குலைக்கும்போதே அதனை மனநிலைக் கோளாறு என்கிறோம். இவற்றுள் முதன்மையானவை உளச்சோர்வு, இருமுனைக் கோளாறு ஆகிய இரண்டு.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16-இல் தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் உளச்சோர்வுக்கு ஆளாகின்றார். அவ்வாறு நோயுற்றோரில் 100-க்கு 85 பேர் உரிய சிகிச்சை பெறவில்லை என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது.

உளச்சோர்வின் அடையாளங்கள்

குறைந்தது இரண்டு வாரங்களாக, நாளின் பெரும்பகுதியில் மனம் தளர்ந்திருத்தல், முன்பு விரும்பிய எதிலும் நாட்டமின்மை, விடியுமுன்னரே விழிப்புத் தட்டிப் பின் உறக்கம் வாராமை, பசியின்மை, சிறு வேலைக்கே களைப்பு, கவனம் சிதறல், தன்னையே குற்றவாளியாகக் கருதுதல், இறந்துவிடலாம் என்னும் எண்ணம். இவற்றுள் பலவும் ஒருங்கே காணப்படின் அது உளச்சோர்வாகும்.

நம் பகுதி மக்கள் "மனம் சரியில்லை" என்று சொல்லி வருவது குறைவு. தலைப்பாரம், உடல்வலி, நெஞ்சு படபடப்பு, வாயுத் தொல்லை என்றே வருகின்றனர். ஆகவே, பரிசோதனைகள் அனைத்தும் சரியாக இருந்தும் உடல் உபாதை நீங்கவில்லையெனில், மனநிலையையும் கருதிப் பார்த்தல் வேண்டும். மறுபுறம், தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தசோகையும் உளச்சோர்வு போன்றே தோன்றக்கூடும். முதல் வருகையில் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான்.

பிரசவித்த தாய்மாரில் பலருக்கு முதல் சில நாள்களில் காரணமின்றி அழுகை வரும். அது இரண்டு வாரங்களுக்குள் தானே தணியும். அதற்குப் பின்னும் நீடித்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும். உறக்கமின்மை, குழப்பம், அச்சம், குழந்தையைக் குறித்த விபரீதமான பேச்சு ஆகியவை தோன்றினாலோ அன்றே காட்டவேண்டும்.

மன எழுச்சி

இருமுனைக் கோளாற்றில் உளச்சோர்வு ஒரு முனை. மன எழுச்சி மறுமுனை. மன எழுச்சியுற்றவர் இரண்டு, மூன்று மணி நேரமே உறங்கியும் களைப்படையார். பேச்சு பெருகும், எண்ணங்கள் ஒன்றையொன்று துரத்தும், தம்மால் இயலாதது ஒன்றுமில்லை என்று தோன்றும், கடன் வாங்கிச் செலவழிப்பார், தடுத்தால் சினம் கொள்வார். இந்நிலை ஒரு வாரமோ அதற்கு மேலோ நீடிக்கும். இதன் மிதமான வடிவம் நான்கைந்து நாள்களில் அடங்கிவிடுவதும் உண்டு. அதனை நோயென்று எவரும் கருதுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

பலரிடம் கண்டவற்றைச் சேர்த்து அமைத்த எடுத்துக்காட்டு இது. தனி ஒருவரைக் குறிப்பதன்று. இராஜபாளையம் நூற்பாலை ஒன்றில் பணிபுரியும் நடுவயதினர் ஒருவர் உளச்சோர்வுடன் வருகிறார். மருந்து தொடங்கப்படுகிறது, ஆறு வாரங்களில் தேறுகிறார், இரண்டாம் மாதத்தில் மருந்தைத் தாமே நிறுத்துகிறார். ஐந்து மாதங்களில் நோய் திரும்புகிறது. மீண்டும் அதே மருந்தைக் கடையில் வாங்கி உட்கொள்கிறார். இடையே இரவு ஷிப்ட் தொடர்ச்சியாக வருகிறது, உறக்கம் குலைகிறது. பத்தாம் நாள், வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் புதுத் தொழில் தொடங்கப் புறப்படுகிறார்.

அப்போதுதான் அவர் மனைவி கூறுகிறார்: "மூன்று ஆண்டுகளுக்கு முன்பும் ஒருமுறை இப்படித்தான் உறங்காமல் ஓடியாடித் திரிந்தார். அதை நல்ல காலம் என்று நினைத்துவிட்டோம், டாக்டரிடம் சொல்லவில்லை."

அவ்வொரு செய்தி முதல் நாளே கிடைத்திருப்பின் சிகிச்சையே வேறாக அமைந்திருக்கும். இருமுனைக் கோளாறு உடையவருக்கு உளச்சோர்வு மருந்தை மட்டும் தனியே கொடுத்தால், அது சிலரை மன எழுச்சிக்குள் தள்ளிவிடும். உளச்சோர்வில் இருப்பவருக்குத் தம் பழைய எழுச்சி நினைவுக்கு வருவதில்லை. வந்தாலும் அது நோயெனத் தோன்றுவதில்லை. எனவே, "இதற்கு முன் எப்போதேனும் உறக்கமின்றியும் மிகுந்த உற்சாகத்தோடு இருந்தாரா?" என்ற வினாவை நாங்கள் குடும்பத்தாரிடம் கேட்கிறோம். நோயறிதலில் பாதி உங்கள் விடையைப் பொறுத்தது.

சிகிச்சை முறைகள்

உளச்சோர்வுக்கு எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் போன்ற மருந்துகள் பயன்படுகின்றன. இவை பலன் தர இரண்டு முதல் நான்கு வாரங்களாகும். முழுப் பலனுக்கு மேலும் சில வாரங்கள் தேவை. தொடக்கத்தில் குமட்டலும் பதற்றமும் தோன்றிப் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தணியும். பலன் பின்னரும் பக்கவிளைவு முன்னரும் வருவதனால், "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" எனப் பலர் முதல் வாரத்திலேயே கைவிடுகின்றனர். இம்மருந்துகள் போதைப் பழக்கத்தை உண்டாக்குவன அல்ல. ஆயினும் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும். ஆகவே படிப்படியாகவே குறைக்கவேண்டும்.

மிதமான உளச்சோர்வுக்கு உளவியல் சிகிச்சையும் மருந்துக்கு நிகரான பலன் தரும். அன்றாடச் செயல்களைச் சிறிது சிறிதாக மீட்டெடுக்கவும், தன்னைத்தானே பழிக்கும் எண்ணங்களை ஆராய்ந்து திருத்தவும் அதில் பயிற்சி அளிக்கப்படுகிறது.

உயிருக்கு ஆபத்தான, அல்லது உணவையே மறுக்கும் அளவு கடுமையான உளச்சோர்வுக்கு மின்தூண்டல் சிகிச்சை விரைந்து பலன் தரும். திரைப்படங்களில் காட்டப்படுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்த பின்னரே இது செய்யப்படுகிறது. மயக்க மருந்தின்றிச் செய்வதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது.

லித்தியமும் உப்பும் நீரும்

இருமுனைக் கோளாற்றுக்கு லித்தியம் சிறந்த மருந்து. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பலனை வெளியிட்டார். நோய் திரும்புவதைத் தடுப்பதோடு, தற்கொலை அபாயத்தையும் இது குறைக்கிறது. வால்ப்ரோயேட் மற்றொரு மருந்து. கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்குமாதலால், கருவுறும் வயதிலுள்ள பெண்களுக்கு இயன்றவரை தவிர்க்கிறோம்.

லித்தியத்தின் அளவு இரத்தத்தில் குறைந்தால் பலனில்லை; மிகுந்தால் நஞ்சாகும். எனவே, கடைசி வேளை மாத்திரை உண்ட 12 மணி நேரத்துக்குப் பின் இரத்தம் எடுத்து அளவு பார்க்கிறோம். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றையும் பரிசோதிக்கிறோம்.

உடலில் உப்பும் நீரும் குறையும்போது லித்தியம் இரத்தத்தில் ஏறும். கோடை வெயிலில் வேலை செய்வோரும், சதுரகிரி மலையேறுவோரும் போதிய நீர் அருந்தவேண்டும். உப்பில்லா விரதம் இருப்பதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் உடனே தெரிவியுங்கள். மூட்டுவலிக்கெனக் கடையில் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்ற மாத்திரைகளை வாங்கி உண்ணாதீர்கள்; இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றும். கை மிகுதியாக நடுங்குதல், நடை தள்ளாடுதல், நாக்குழறல் ஆகியவை தோன்றினால் அடுத்த வேளை மாத்திரையை உண்ணாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

எவ்வளவு காலம்?

கண்மாய்க் கரையில் உடைப்பை அடைத்த மறுநாளே எவரும் காவலை விலக்குவதில்லை. புதுமண் இறுகும்வரை காத்திருப்பர். மனநிலைக் கோளாறு வந்து, தணிந்து, திரும்பி வரும் இயல்புடையது. ஒருமுறை உளச்சோர்வுற்றோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது மீண்டும் வருகிறது. எனவே சிகிச்சைக்கு இரு பகுதிகள் உண்டு: வந்த நோயைத் தணித்தல் ஒன்று, வரவிருப்பதைத் தடுத்தல் மற்றொன்று. நன்றாக இருக்கும் காலத்து மாத்திரை இரண்டாம் பணியைச் செய்கிறது.

முதன்முறை உளச்சோர்வாயின், முழு நலம் பெற்ற நாளிலிருந்து குறைந்தது 6 முதல் 9 மாதங்கள் மருந்தைத் தொடரவேண்டும். திரும்பத் திரும்ப வந்ததாயின் 2 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். இருமுனைக் கோளாற்றுக்குப் பல ஆண்டுகள் மருந்து தேவைப்படும். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாம் செய்வது போன்றதே இது. நிறுத்தும் நாளை நாம் கலந்து முடிவு செய்வோம். அந்த உரையாடலுக்கு நான் என்றும் ஆயத்தமாக இருக்கிறேன். சொல்லாமல் நிறுத்துவதை மட்டும் தவிருங்கள்.

வழிபாடும் மருந்தும்

கோயிலுக்கோ தர்காவுக்கோ தேவாலயத்துக்கோ செல்லவேண்டாம் என்று நான் எவரிடமும் கூறுவதில்லை. வழிபாடு தரும் ஆறுதல் பெரிது. ஆனால் மருந்துக்கு மாற்றாக அதனைக் கொண்டதன் துயரம் நம் அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தில் நிகழ்ந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததனால் தப்பியோட இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். சிகிச்சை பெற்றிருந்தால் வீட்டிலேயே வாழக்கூடியவர்கள் அவர்களுள் இருந்திருப்பர். பின்னர் ஏர்வாடியிலேயே, வழிபாட்டோடு மனநலச் சிகிச்சையும் கிடைக்க அரசு வழிசெய்தது. இன்று சங்கிலியிடுவதைச் சட்டம் தடை செய்கிறது. நேர்த்திக்கடனுக்குச் செல்லும்போது மாத்திரைப் பையையும் உடன் கொண்டுசெல்லுங்கள்.

உயிர் காக்கும் கேள்வி

"சாகத் தோன்றுகிறதா?" என்று கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வாறு நேர்வதில்லை, கேட்பது பாரத்தை இறக்கி வைக்க வழி திறக்கும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். தோட்டத்துப் பூச்சிக்கொல்லியையும், வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் பூட்டி, சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். இரவாயின், டெலி மானஸ் எண் 14416-ஐயோ, தமிழக அரசின் 104-ஐயோ கட்டணமின்றி அழைக்கலாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ளப்படுவார் என 2017-ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. வழக்குக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தாமதிக்கவேண்டா.

குடும்பத்தார் நினைவில் கொள்ளவேண்டியவை

1. "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்று அறிவுரை கூறுவதைவிட, உடன் அமர்ந்து ஒருவேளை உணவு உண்ணச் செய்வது உதவும்.

2. ஒரு நோட்டில் நாள்தோறும் உறங்கிய மணி நேரத்தைக் குறித்து வாருங்கள். நோய் திரும்புமுன் முதலில் மாறுவது பெரும்பாலும் உறக்கமே. தொடர்ந்து இரண்டு, மூன்று இரவுகள் உறக்கம் குறைந்தால் அடுத்த முறை நாளுக்குக் காத்திராமல் வாருங்கள்.

3. இருமுனைக் கோளாறு உடையவருக்கு இரவு ஷிப்ட் தீங்கு செய்யும். பகல் பணி கோரி ஆலைக்குத் தரச் சான்றிதழ் வேண்டுமெனில் கேளுங்கள், தருகிறோம்.

4. வேறு எந்த மருத்துவரிடம் சென்றாலும் இம்மருந்துச் சீட்டைக் காட்டுங்கள்.

5. நலமாக இருக்கும் நாளிலும் மருத்துவமனைக்கு வாருங்கள். அன்றுதான், "மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?" என்ற வினாவை, நோயாளியையும் அருகில் அமர்த்திக்கொண்டு, நாம் நிதானமாகப் பேச இயலும்.