விண்ணில் செலவு, மண்ணில் வரவு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவர், சோலூர்

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் மாலை 6 மணி 4 நிமிடத்திற்குச் சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்திற்கு அருகில் இறங்கிற்று. அதுவரை அப்பகுதியில் எந்த நாட்டின் கலமும் மெல்லத் தரையிறங்கியதில்லை. அக்காட்சியைச் சோலூரில் எங்கள் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்து கண்டோம். எல்லோரும் கைதட்டினோம். கொழுந்து பறித்துத் திரும்பி, பையை வாசலில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்த என் பெரியம்மாவும் கைதட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, இதுக்கு எவ்வளவு ஆச்சாம்?" என்று கேட்டார்.

"அறுநூறு கோடிக்கு மேலே, பெரியம்மா."

"அந்தக் காசுல நம்ம சரிவுக்கு ஒரு தடுப்புச் சுவரு கட்டியிருக்கலாமே!"

அறுநூறு கோடிக்கு ஒரு தடுப்புச் சுவரா என்று அங்கிருந்தோர் சிரித்தனர். நானும் சிரித்தேன். ஆயினும் அக்கேள்வி சிரித்துத் தள்ளிவிடக் கூடியதன்று என்பது பின்னர்தான் எனக்கு விளங்கிற்று. வரி கொடுப்பவர் எவரும் கேட்க உரிமையுள்ள கேள்வி அது. விண்வெளிக்கு அரசு செலவிடும் பணம் தக்க செலவுதானா என்பதை இக்கட்டுரையில் என் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் ஆராய முற்படுகிறேன்.

முதலில் தொகையைப் பார்ப்போம். 2024-25ஆம் ஆண்டின் மத்திய வரவு செலவுத் திட்டத்தில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கப்பட்டது ஏறக்குறைய 13,043 கோடி ரூபாய். கேட்டவுடன் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவ்வாண்டின் மொத்தச் செலவுத் திட்டம் 48 இலட்சம் கோடிக்கு மேல். வகுத்துப் பார்த்தால் அரசு செலவிடும் நூறு ரூபாயில் 27 காசுதான் விண்வெளிக்குப் போகிறது. நாட்டு மக்கள் 140 கோடிப் பேருக்கும் பங்கிட்டால் தலைக்கு ஆண்டுக்கு 93 ரூபாய். அமெரிக்கா நிலவுப் பயணத்திற்கு ஆயத்தமான 1966ஆம் ஆண்டில், அந்நாட்டு அரசு தன் செலவில் நூற்றுக்கு நான்கு பங்குக்கும் மேல் இதற்கென்றே ஒதுக்கிற்று என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

எனினும் தொகை சிறிது என்பதாலேயே செலவு சரியாகிவிடாது. 2014இல் மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபோது, 450 கோடி ரூபாயில் 65 கோடி கிலோமீட்டர் பயணம், கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய்தான், ஆட்டோ கட்டணத்தைவிடக் குறைவு என்று பெருமையாகப் பேசினார்கள். சுவையான கணக்குத்தான். ஆனால் போகத் தேவையில்லாத ஊருக்கு மலிவாக ஆட்டோ கிடைத்தால் ஏறிவிடுகிறோமா? மலிவு என்பது வேறு, தேவை என்பது வேறு. எனவே அந்த 93 ரூபாய்க்கு நமக்கு என்ன கிடைக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

இதற்கு நாம் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போக வேண்டியதில்லை. உதகையிலிருந்து பாலாடா செல்லும் வழியில் முத்தோரையில் பேருந்தை விட்டிறங்கினால் போதும். கேரட் தோட்டங்களுக்கு மேலே மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட வானொலித் தொலைநோக்கி நிற்கிறது. பேராசிரியர் கோவிந்த் சுவரூப் அவர்களின் திட்டத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் அமைத்த இக்கருவி 1970இல் செயற்படத் தொடங்கிற்று. (இந்நிலையம் அணுசக்தித் துறையைச் சார்ந்தது, ஆகவே மேலே சொன்ன 13,043 கோடியில் இது சேராது. எனினும் வானத்தை அறிய அரசு இட்ட முதல் என்பதால் ஈண்டுக் குறிப்பிடுகிறேன்.)

இதை ஏன் நம் மலையில் கொண்டுவந்து வைத்தார்கள்? பூமி சுழல்வதால் விண்மீன்கள் கிழக்கிலிருந்து மேற்காக நகர்வதுபோல் தோன்றுகின்றன. ஒரு விண்மீனைத் தொடர்ந்து நோக்கவேண்டுமானால், நோக்கும் கருவி பூமியின் அச்சுக்கு இணையான ஓர் அச்சைப் பற்றிச் சுழலவேண்டும். ஓரிடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ, அத்தனை பாகைக் கோணத்தில்தான் பூமியின் அச்சு அவ்விடத்துத் தரைமட்டத்தோடு வடக்கு நோக்கிச் சாய்ந்திருக்கும். உதகையின் அட்சரேகை ஏறக்குறைய 11 பாகை. ஆகவே வடக்கே உயர்ந்து தெற்கே தாழ்ந்து, சரியாக 11 பாகை சாய்ந்த ஒரு மலைச்சரிவு கிடைத்தால், அதன்மேல் கருவியைப் படுக்க வைத்தாலே அச்சு தானாக அமைந்துவிடும். தேடியலைந்து அப்படிப்பட்ட சரிவை முத்தோரையில் கண்டார்கள். மற்ற நாட்டார் பெரும் பொருட்செலவில் இயந்திரம் கொண்டு செய்வதில் ஒரு பகுதியை இங்கே மலையே செய்கிறது. 24 வளைசட்டங்களின் மேல் 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டியதுதான் அதன் ஆடி. ஒரே அச்சைச் சுழற்றி ஒரு விண்மீனை ஒன்பதரை மணி நேரம் தொடர முடிகிறது. இதை வகுப்பில் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லில் அடக்க முடியாது. நாள்தோறும் ஏறி இறங்கிக் கால் நோகும் சரிவுக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது!

இக்கருவி முதலில் செய்த வேலை, நிலவு ஒரு வானொலி மூலத்தை மறைத்து வெளிவிடும் நேரத்தை நுட்பமாக அளந்து, தொலைதூரப் பால்வெளிகளின் கோண அளவைக் கண்டறிவது. இதனால் நம் தோட்டத்துக்கு ஒரு கிலோ உரம்கூடக் கிடைக்காது என்பது மெய்யே. ஆனால் அதே கருவி சூரியக் காற்றையும் அளக்கிறது. சூரியனிலிருந்து வீசும் மின்துகள்களின் ஊடே வரும்போது வானொலி மூலங்கள் விண்மீன்களைப்போலக் கண்சிமிட்டுகின்றன. அச்சிமிட்டலைக் கொண்டு சூரியப் புயல் எத்தனை வேகத்தில் வருகிறது என்று கணிக்கலாம். 2022 பிப்ரவரியில் ஓர் அமெரிக்க நிறுவனம் ஏவிய 49 செயற்கைக்கோள்களில் ஏறக்குறைய நாற்பது, பூமியின் காந்தப்புயலால் சில நாட்களிலேயே வீழ்ந்தன. பால்வெளியை அளக்கக் கட்டியது இன்று செயற்கைக்கோளைக் காக்கும் அறிவையும் தருகிறது. இதை 1970இல் எவராவது கணக்கெழுதி நிதி கேட்டிருக்க முடியுமா?

நிலவுப் பயணத்தையும் நான் இவ்வாறே கருதுகிறேன். சந்திரயானின் ஊர்தியைச் சோதித்துப் பார்க்க நிலவின் மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தது. வெளிநாட்டில் வாங்கினால் பெருஞ்செலவு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியிலுள்ள அனார்த்தோசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது எனக் கண்டு, அதைப் பொடித்தே பயன்படுத்தினர். இவ்வகைச் சிக்கனமுள்ளவர்களிடம் 600 கோடியை நம்பிக் கொடுக்கலாம் என்பது என் துணிபு.

மனிதரை அனுப்பும் ககன்யான் திட்டத்தில்தான் எனக்கு ஐயம். 2018இல் 9,023 கோடி எனத் தொடங்கிய அது, விண்வெளி நிலையத்தின் முதற்பகுதியையும் சேர்த்து 2024இல் 20,193 கோடியாக விரிந்தது. கருவி செய்யும் வேலைக்கு மனிதர் போகவேண்டிய காரணத்தை நான் படித்தவற்றுள் எதுவும் எனக்குத் தெளிவாக்கவில்லை. பேராசிரியப் பெருமக்கள் மாறாகக் கருதலாம்; கேட்டுத் திருந்தக் காத்திருக்கிறேன்.

இனி, பெரியம்மாவின் தடுப்புச் சுவருக்கு வருவோம். விண்வெளிச் செலவு உயிரைக் காக்குமா?

காக்கும் என்பதற்கு ஒடிசா சான்று. 1999 அக்டோபரில் வீசிய பெரும்புயலில் அங்கே ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் ஏறக்குறைய அதே கரையைப் பைலின் புயல் தாக்கியபோது இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. செயற்கைக்கோள் முன்னதாகவே புயலைக் காட்டிற்று என்பது ஒரு பாதி. மற்றப் பாதி, இடைப்பட்ட ஆண்டுகளில் கட்டிய புயல் காப்பகங்களும், ஊர் ஊராகச் சென்று பல இலட்சம் மக்களை வெளியேற்றிய ஊழியர்களும்.

அந்த மற்றப் பாதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழகமே சான்று. 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிக்கடலில் மூண்டது. மேலிருந்து செயற்கைக்கோள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தூத்தூர்ப் பகுதியிலிருந்து பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்களுக்கு அச்செய்தியைக் கொண்டுசேர்க்கும் கருவி எதுவும் படகில் இல்லை. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் எத்தனையோ குடும்பங்கள் திரும்பி வராதவர்களுக்காகக் கரையில் காத்துக் கிடந்தன. பல நூறு கோடி ரூபாய்க் கோளுக்கும் சில ஆயிரம் ரூபாய்க் கருவிக்கும் நடுவில் அந்த உயிர்கள் போயின. அதற்குப் பிறகே செயற்கைக்கோள் வழியாகக் கடலில் எச்சரிக்கை பெறும் ஜெமினி என்னும் கருவி 2019இல் வந்தது. விசைப்படகுகளில் இருவழித் தொடர்புக் கருவிகளும் பொருத்தப்பட்டன.

இந்தப் பாடம் புதிதன்று. 1963 நவம்பர் 21இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டு ஏவப்பட்ட நாளிலிருந்தே, நாட்டு மக்களின் தேவைக்கு விண்வெளி அறிவு பயன்பட வேண்டும் என்பதே விக்ரம் சாராபாயின் நோக்கமாக இருந்தது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, அமெரிக்காவிடம் இரவல் வாங்கிய ஒரு செயற்கைக்கோளைக் கொண்டு ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் நடத்தினார்கள். (அவ்வாறில் தமிழ்நாடு இல்லை.) கோள் இரவல், ஆனால் ஊர்தோறும் கம்பிவலைக் குடை நட்டு, பெட்டி வைத்து, பழுதானால் ஆள் அனுப்பிச் சரிசெய்த ஏற்பாடு முழுவதும் நம்முடையது. அவ்வோராண்டில் நம் நாட்டார் மெய்யாகக் கற்றது அந்தத் தரைவேலையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் மலையிலோ அத்தரைவேலை இன்னும் பாக்கியிருக்கிறது. 2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2024 ஜூலை 30 விடியுமுன் நமக்கு அண்டையிலுள்ள வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணில் புதைந்தன. மாண்டோர் இருநூற்றுக்கும் மேல். அவர்களுள் நம்மைப்போன்றே தேயிலைத் தோட்டத்தை நம்பி வாழ்ந்தோர் பலர். மறுநாளே நம் செயற்கைக்கோள் எடுத்த படங்களைக் கொண்டு ஐதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையம், சரிந்த பரப்பு 86,000 சதுர மீட்டர் என்று அளந்து கூறிற்று. அதே இடத்தில் முன்பே ஒரு சரிவு நிகழ்ந்த தடம் 2023 மே மாதப் படத்திலேயே இருந்ததையும் காட்டிற்று. நாடெங்கும் நிகழ்ந்த ஏறக்குறைய 80,000 நிலச்சரிவுகளைத் தொகுத்து அம்மையம் 2023இல் வரைபட நூலே வெளியிட்டிருக்கிறது. பார்க்கும் கண் இருக்கிறது என்பது தெளிவு.

ஆனால் அக்கண்ணால் மட்டும் நம் ஊருக்கு நாளை ஆபத்து என்று சொல்ல முடியாது. 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மேகத்தைப் பார்க்கும் கோளுக்குச் சில கிலோமீட்டர் பரப்பு ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளிக்குள் நம் மலையில் ஒரு முகடும் இரண்டு பள்ளத்தாக்கும் அடங்கிவிடும். முகட்டுக்கு இப்பால் பெருமழையும் அப்பால் வெறுந்தூறலும் பெய்வதை நாம் அறிவோம். மேலிருந்து பார்ப்பதைத் திருத்திக்கொள்ளத் தரையில் மழைமானிகள் நெருங்கி இருக்க வேண்டும். வயநாட்டில் கல்பற்றாவில் உள்ள ஒரு தனியார் ஆய்வு மையம் உழவர்களையும் தோட்டக்காரர்களையும் கொண்டே இருநூறுக்கும் மேற்பட்ட மழைமானிகளில் நாள்தோறும் அளவெடுத்து வருகிறது. இதற்கு ஆகும் செலவு கோடிக்கணக்கில் இல்லை.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் ஒருநாள் சொன்னேன். தொண்ணூற்று மூன்று ரூபாய்க் கணக்கையும் சொன்னேன். "அது போகட்டும்ப்பா, அதுக்கு நான் ஒண்ணும் சொல்லலே. ராத்திரி ரெண்டு மணிக்கு மழை ஊத்தும்போது யாரு வந்து கதவைத் தட்டுவா? அதுக்கு எவ்வளவு ஆகும்?" என்றார். அந்தத் தொகை எந்த வரவு செலவுத் திட்டத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று என்னால் காட்ட இயலவில்லை. விண்வெளிச் செலவு தகும் என்றே நான் முடிவு செய்கிறேன். ஆனால் அதைக் கதவுவரை கொண்டுவரும் செலவையும் சேர்த்துத்தான் அதன் விலையைச் சொல்ல வேண்டும். பாதி விலை கொடுத்துவிட்டு முழுப் பொருளை எதிர்பார்ப்பது சரியன்று. பாதிப் பொருளைப் பார்த்து விலை அதிகம் என்பதும் சரியன்று.

நம் கல்லூரிக்கு மஞ்சூர், கேத்தி, கோத்தகிரி, கூடலூர் எனப் பல திக்கிலிருந்தும் மாணவர்கள் வருகிறோம். மழைமானி என்பது ஒரு புனலும், ஒரு கலமும், அளவு குறித்த கண்ணாடிக் குழலுமே. இருபது பேர் அவரவர் ஊரில் ஒன்று வைத்துக் காலை எட்டரை மணிக்கு அளந்து எழுதிவந்தால், அடுத்த பருவமழைக்குள் நம் இயற்பியல் துறைச் சுவரில் இம்மலையின் மழைப்படம் ஒன்று தொங்கும். விருப்பமுள்ளோர் என்னிடம் பெயர் தரலாம். சோலூரில் வைக்க இடம் கிடைத்துவிட்டது. பெரியம்மா தம் முட்டைக்கோசுப் பாத்தியின் ஓரத்தைக் கொடுத்திருக்கிறார். கோழி தட்டிவிடாமல் சுற்றிலும் வேலி கட்டுவது மட்டும் என் பொறுப்பாம்.