டிம்மர் ஸ்விட்சும் எல்.இ.டி. பல்பும்

இழை பல்புக்கென அமைத்த டிம்மர் ஸ்விட்சிலேயே எல்.இ.டி. பல்பை மாட்டிவிட்டு, "ஒளி துடிக்கிறதே, பல்பு இரைகிறதே" என்று குறைப்படும் அங்கத்தினர்களுக்கு இதன் காரணத்தை விளக்குவோம்.

நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று, அதாவது 100 அரை அலைகளாக ஓடுவது. டிம்மரானது ஒவ்வோர் அரை அலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தையே அனுப்புகிறது. இழை பல்பில் கம்பி காய்ந்து ஒளிர்வதால், அது ஆறுவதற்குள் அடுத்த அலை வந்துவிடும்; ஒளி சீராகக் குறையும். எல்.இ.டி. பல்பினுள் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் சிறு மின்சுற்று ஒன்று உண்டு. வெட்டுண்ட அலை அதனைத் தடுமாறச் செய்யும். பல்பும் விரைவிற் கெடக்கூடும். அன்றியும், 60 வாட் பல்பை எதிர்பார்த்த பழைய டிம்மர், 9 வாட் பல்பின் சொற்ப மின்னோட்டத்தில் சரிவர இயங்குவதில்லை.

ஆகையால் 'டிம்மபிள்' என்று அட்டையில் அச்சிட்ட பல்பையும், எல்.இ.டி.க்கு ஏற்ற டிம்மரையும் சேர்த்தே வாங்கவேண்டும். விசிறி ரெகுலேட்டரில் பல்பை இணைத்தல் கூடவே கூடாது. (இதனைச் சிக்கனம் என்பாரும் உளர், நமக்கு அவ்விதம் தோன்றவில்லை.)

தறிக்கூடத்திற்கு டிம்மரே வேண்டா என்பது நம் கருத்து. துடிக்கும் ஒளியில் விசைத்தறியின் சுழலும் சக்கரம் நிற்பதுபோல் தோன்றக்கூடும். நம்பிக் கை வைத்தால் விபரீதம். இழை அறுந்ததும் கண்ணுக்குத் தப்பும். ஒளி மிகுதியெனில் குறைந்த வாட் பல்பை மாட்டுக.

டிம்மரை முற்றக் குறைத்த பின்னும் பல்பு மங்கலாக ஒளிர்ந்தால் மின்சாரம் கசிகிறதென்று பொருள். மெயினை நிறுத்திய பின்னரே பல்பைக் கழற்றவேண்டும்.