உப்புக் காற்றில் ஒரு கேமிங் பிசி

முதன்முறையாகத் தானே பாகங்களை வாங்கி ஒரு கேமிங் பிசியைப் பூட்டிக்கொள்ள நினைப்பவருக்கு எல்லாப் பக்கமிருந்தும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: பட்ஜெட்டில் அடங்கும் பெரிய கிராபிக்ஸ் கார்டை முதலில் எடுங்கள், மிச்சக் காசில் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். இதைப் பொய் என்று தள்ள முடியாது. விளையாட்டு எவ்வளவு வேகமாகத் திரையில் ஓடும் என்பதை வேறெந்தப் பாகத்தையும்விட அந்த கார்டுதான் தீர்மானிக்கிறது. ஆனால் இந்த அறிவுரைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் எண்கள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில், சீரான மின்சாரத்தில், சுத்தமான மேசைமேல் எடுக்கப்பட்டவை. ஆரோவில்லிலும் அதைச் சுற்றியுள்ள குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, பொம்மையார்பாளையம் போன்ற ஊர்களிலும் கணினி நிற்கும் அறை அப்படிப்பட்டதல்ல. ஒருபுறம் கோடையில் பறக்கும் செம்மண் புழுதி. மறுபுறம் கடல். வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். ஐப்பசி கார்த்திகையில் மழையும் புயலும் வந்தால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இந்த மண்ணில் வாங்கும் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்: முதலில் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ், அடுத்து கேபினெட், அதன் பிறகே கிராபிக்ஸ் கார்டு.

எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்தே தொடங்கலாம், ஏனென்றால் தவறான நம்பிக்கைகள் அதிகம் குவிந்திருக்கும் இடம் அதுதான். கேபினெட்டோடு சேர்த்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று அச்சடித்திருக்கும். அதே போதுமே என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைக் கிட்டப் போய்ப் படிக்க வேண்டும். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட் பகுதியிலிருந்து. அதற்கு நேரே 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்க வருவது 216 வாட். பெரிய எழுத்தில் உள்ள 450-க்கும் நம் விளையாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஒழுங்கான 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே இடத்தில் 45 ஆம்பியர் போல இருக்கும், அதாவது 540 வாட். மறுமுனையில், கேமிங் என்றாலே 850 வாட் வேண்டும் என்று பயமுறுத்துவதும் தவறு. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டின் மின்தேவை 115 வாட். ரைசன் 5 7600 பிராசஸர் உச்சத்தில் 88 வாட் எடுக்கும். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாம் சேர்த்தாலும் மொத்தம் 260 வாட்டைச் சுற்றித்தான் நிற்கும். நல்ல 550 வாட் இதற்குத் தாராளம்.

80 பிளஸ் கோல்ட் முத்திரை இருந்தால் தரமானது என்று முடிவுகட்டுவது இன்னொரு பழக்கம். அந்த முத்திரை சொல்வது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும்தான். 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையின்போது பிரான்ஸ் (வெண்கல) முத்திரைக்கு 85 சதவீதத் திறன், கோல்டுக்கு 90. அதுவும் சுமார் 23 டிகிரி வெப்பத்தில் அளந்தது. மே மாதத்தில் இங்கே அறையே 35 டிகிரியைத் தாண்டும், கேபினெட்டுக்குள் அதைவிட அதிகம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பது மின்னணுப் பொறியியலில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. ஆகவே முத்திரையின் நிறத்தைவிட, 105 டிகிரி தாங்கும் மின்தேக்கிகள் உள்ளே இருக்கின்றனவா, முழுத் திறனையும் 40 அல்லது 50 டிகிரியில் தருவதாகத் தயாரிப்பாளர் எழுதியிருக்கிறாரா, எத்தனை ஆண்டு வாரண்டி என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மலிவான எஸ்எம்பிஎஸ்ஸே ஐந்து வருடமாக ஓடுகிறதே என்று சிலர் சொல்வார்கள். பில் போடும் கணினியில் ஓடியிருக்கும். அங்கே சுமை 60, 70 வாட்தான். ஒரே மாலையில் மூன்று மணி நேரம் தொடர்ந்து 250 வாட் தருவது வேறு வேலை.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, யுபிஎஸ் எதற்கு என்பதும் இங்கே அடிக்கடி எழும் கேள்வி. இது பாதி சரி. பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்பக்கத்தில் ஒரு சிறிய சுவிட்ச் உண்டு: ஒரு பக்கம் யுபிஎஸ், மறுபக்கம் நார்மல் அல்லது எகோ. கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாற நார்மல் நிலையில் 40 மில்லிவினாடி வரை ஆகலாம், யுபிஎஸ் நிலையில் 10 மில்லிவினாடி அளவில் முடியும். நல்ல எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் 16, 17 மில்லிவினாடிவரை தன்னிடம் உள்ள மின்சாரத்தில் தாக்குப்பிடிக்கும்படி வடிவமைக்கப்படுகிறது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மின்விசிறி நிற்காத வீட்டில் கணினி மட்டும் ஏன் ரீஸ்டார்ட் ஆகிறது என்பது விளங்கும். அந்த சுவிட்சை மாற்றிப்போட ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஆனால் இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவ் மின்சாரத்தில் இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ்கள் இரையும், சில நின்றேவிடும்.

கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஜிவ்வென்று இழுக்கிறது, கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான் என்ற சமாதானத்தை யாரும் ஏற்கக் கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிச் சுற்றில் உள்ள சிறு மின்தேக்கிகள் வழியாக மிகக் குறைந்த மின்னோட்டம் உலோக உடலுக்குக் கசியும். அது எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் இல்லாதபோது உடலில் 230 வோல்ட்டில் பாதியளவு நிற்கும். விரலில் தெரிவது அதுதான். எர்த் குழி போட்ட வீட்டிலும் கோடையில் செம்மண் காய்ந்து இறுகிவிட்டால் அதன் தடை ஏறிவிடும், குழியில் தண்ணீர் ஊற்றச் சொல்வது அதனால்தான். ஸ்பைக் பஸ்டர் தன் முழு வேலையைச் செய்வதற்கும் எர்த் வேண்டும். எலக்ட்ரீஷியனை ஒருமுறை அழைத்து எர்த்தைச் சோதிக்காமல் முப்பதாயிரம் ரூபாய் கார்டை வாங்கிச் செருகுவது எனக்குச் சம்மதமில்லை.

இனி உப்பு. கடல் பக்கம் என்பதால் கணினியைக் குறைவாகப் பயன்படுத்தி, மற்ற நேரத்தில் உறைபோட்டு மூடி வைத்தால் நீடித்து உழைக்கும் என்று பரவலாக நம்புகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. உலர்ந்த உப்புத் துகள் மதர்போர்டின் மேல் கிடப்பதால் மட்டும் பெரிய கேடு இல்லை. அது ஈரத்தை இழுத்துக் கரைசலாகும்போதுதான் மின்சாரம் கடத்தத் தொடங்குகிறது, செம்பையும் வெள்ளியையும் அரிக்கிறது. தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதும், கல் உப்பு தூள் உப்பைவிட அதிகமாகக் கசிவதும் இந்தக் காரணத்தால்தான். இப்போது ஒரு கணக்கு. அறைக் காற்று 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கிறது. ஓடும் கணினிக்குள் அது 40 டிகிரிக்குச் சூடாகும்போது, தண்ணீரின் அளவு மாறாமலேயே ஈரப்பதம் 46 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பெரும்பகுதி உப்பு உலர்ந்தே இருக்கும். அணைத்து, உறைபோட்டு, மூலையில் வைத்த கணினிக்குள் அதே 80 சதவீதம் நாள்கணக்கில் தங்குகிறது. உப்பு முழுவதும் ஈரமாகிறது. கார்த்திகை மாதத்தில் தினமும் ஒரு மணி நேரமாவது ஓடவிடுவதே இந்தக் கடற்கரையில் கணினிக்குச் செய்யும் நல்ல பராமரிப்பு.

எல்லா வீட்டுக்கும் உப்பு ஒரே அளவில் வருவதுமில்லை. அலை உடைந்து தெறிக்கும் உப்பின் பெரும்பகுதி முதல் சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடுகிறது. பொம்மையார்பாளையத்தில் அலையைப் பார்த்தபடி இருக்கும் வீட்டின் கவலையும், உள்ளே ஆரோவில்லின் மையத்தில் மாத்ரிமந்திர் பக்கத்து வீட்டின் கவலையும் ஒன்றல்ல. உள்ளே போகப் போக உப்பின் இடத்தைப் புழுதி பிடிக்கிறது. அங்கே முன்பக்கம் கண்ணாடி மூடிய, விளக்குகள் மின்னும் கேபினெட்டைவிட, முன்பக்கம் வலையும் கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டரும் கொண்ட எளிய கேபினெட்டே மேல். உள்ளிழுக்கும் ஃபேன்களின் காற்று, வெளித்தள்ளும் ஃபேன்களின் காற்றைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும். அப்போதுதான் காற்று ஃபில்டர் வழியாக மட்டும் நுழையும், இடுக்குகள் வழியாகப் புழுதி உறிஞ்சப்படாது.

அப்படியானால் முழுவதும் அடைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2018-இல் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுக் கடலடியில் சர்வர்கள் நிரம்பிய உருளை ஒன்றை இறக்கி 2020-இல் வெளியே எடுத்தது. உள்ளே பழுதான சர்வர்களின் விகிதம் தரையில் இருந்தவற்றில் எட்டில் ஒரு பங்கு. அடைத்து வைப்பதற்கு இது சாட்சி போலத் தோன்றும். ஆனால் அந்த உருளைக்குள் இருந்தது உலர்ந்த நைட்ரஜன், வெப்பத்தைக் கொண்டுபோகக் கடல்நீர்க் குளிர்விப்பும் இருந்தது. வீட்டில் அடைத்தால் உள்ளே மாட்டிக்கொள்வது ஈரக் காற்றும் 260 வாட் வெப்பமும்தான். ஏசி போட்டால் தீர்ந்தது என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 30 டிகிரியும் 80 சதவீத ஈரமும் உள்ள காற்று சுமார் 26 டிகிரிக்குக் கீழ் இருக்கும் எந்தப் பரப்பிலும் பனித்துளியாகப் படியும். இரவெல்லாம் 22 டிகிரியில் குளிர்ந்த உலோகக் கேபினெட் இருக்கும் அறையில் காலையில் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்தவுடன் கணினியைப் போடக் கூடாது; அது அறை வெப்பத்துக்கு வரும்வரை விட்டுவைக்க வேண்டும். ஈரம் படிந்து ரேம் வேலை செய்யாமல் போனால் பென்சில் ரப்பரால் அதன் முனைகளைத் தேய்ப்பது நம்மூர் வழக்கம். அந்த முனைகளின் தங்கப் பூச்சு மிக மெல்லியது, தேய்க்கத் தேய்க்க அடியில் உள்ள உலோகம் வெளிப்பட்டு இன்னும் வேகமாக அரிக்கப்படும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும்.

நம் வெயிலுக்கு வாட்டர் கூலிங் இல்லாமல் முடியாது என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. எந்தக் கூலரும், நீரானாலும் காற்றானாலும், அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. 65 வாட் வகைப் பிராசஸருக்கு நடுத்தர டவர் ஏர் கூலர் தாராளம், அதில் பம்ப் பழுதாகும் கவலையும் இல்லை.

கார்டில் ஒரு படி இறங்கி, அந்தப் பணத்தை எஸ்எம்பிஎஸ்ஸில் போட்டால் விளையாட்டின் சுகமே போய்விடாதா? இதுதான் கனமான ஆட்சேபம். 2023-இல் ஆர்டிஎக்ஸ் 4060 299 டாலருக்கும், 4060 டிஐ 399 டாலருக்கும் வந்தன. விலை மூன்றில் ஒரு பங்கு கூட. 1080 பிக்சல் திரையில் வேகம் சராசரியாகக் கால் பங்குக்குள்தான் கூடியது. மின்தேவை 115 வாட்டிலிருந்து 160-க்கு ஏறியது. 60 அல்லது 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர் அந்தக் கூடுதல் வேகத்தின் பெரும்பகுதியைக் கண்ணால் பார்க்கவே போவதில்லை. வாட்டுக்கு இந்தப் பக்கத்தில் தனி மதிப்பு உண்டு. ஆரோவில்லில் சூரிய மின்சாரத்தைப் பேட்டரியில் சேர்த்துப் பயன்படுத்தும் வீடுகள் பல. 12 வோல்ட் 150 ஏஹெச் பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்துவது அதன் ஆயுளுக்கு நல்லது, அது 900 வாட்-மணி. மானிட்டரோடு 300 வாட் எடுக்கும் கணினி, இன்வெர்ட்டர் இழப்பு போக, இரண்டரை மணி நேரம் ஓடும். மின்வாரிய இணைப்பு உள்ள வீட்டில் தினம் நான்கு மணி நேரம் விளையாடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். அரசு தரும் இலவச யூனிட்டுகளில் கணிசமான பங்கு அதற்கே போய்விடும்.

காசே குறைவு, நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் கேபினெட்டும் வாங்கினால் கார்டுக்கு ஒன்றும் மிஞ்சாது என்பவருக்கும் வழி இருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த ரைசன் 5 8600ஜி போன்ற, கிராபிக்ஸ் உள்ளடங்கிய பிராசஸரோடு ஆரம்பிக்கலாம். ரேமை ஒரே 16 ஜிபி குச்சியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபி குச்சிகளாக வாங்க வேண்டும், ஏனென்றால் உள்ளடங்கிய கிராபிக்ஸ் ரேமின் வேகத்தையே நம்பியிருக்கிறது, ஒற்றைக் குச்சி அந்த வேகத்தைப் பாதியாக்கிவிடும். வேலரன்ட், சிஎஸ் 2 போன்றவற்றை அதிலேயே ஆடலாம், பெரிய விளையாட்டுகளைத் தரம் குறைத்து ஓட்டலாம். அடுத்த ஆண்டு பணம் சேர்ந்ததும் கார்டைச் செருகிக்கொள்ளலாம். அந்தப் பிராசஸர் கார்டுக்குத் தரவு போய்வர எட்டு பாதைகளையே தருகிறது என்று குறை சொல்வார்கள்; ஆர்டிஎக்ஸ் 4060 கேட்பதே எட்டுதான்.