பீனிசமும் முகக் குகைகளும்

செஞ்சியை அடுத்த மண்டகப்பட்டிலே, செங்கல், மரம், உலோகம், சுண்ணம் யாதுமின்றி மகேந்திரவர்மன் பாறையைக் குடைவித்து அமைத்த கோயிலை நம்மிற் பலர் கண்டிருப்பர். நம் முகத்தைச் சார்ந்த எலும்புகளிலும் நான்கு இணைக் குடைவுகள் உள. அவற்றுட் பெரியது மேல்தாடை எலும்பிலுள்ளது. 1651-ஆம் ஆண்டில் அதனை விவரித்த ஆங்கில வைத்தியர் ஹைமோரின் பெயரால் உடற்கூற்று நூலார் அதனை ‘ஹைமோர் குகை’ என்றே வழங்கினர்.

இக்குகையின் வாயில் மிகக் குறுகியது. அதுவும் அடியிலன்றி மேற்புறத்தே அமைந்தது. ஆதலின் உள்ளே ஊறும் சளி தானாக வழிந்தோடாது. கண்ணுக்குப் புலனாகாத நுண்மயிர்கள் அதனை மேல்நோக்கித் தள்ளி மூக்கிற் சேர்க்கின்றன. ஜலதோஷத்தாற் சவ்வு வீங்கி வாயில் அடைபடின், சளி தேங்கும், முகம் கனக்கும், குனியுந்தோறும் நோவு மிகும். நம் நாட்டு வைத்தியர் பீனிசம் என வகுத்தவற்றுள் இதுவும் அடங்கும்.

மஞ்சட் சளியைக் கண்டவுடன் கிருமிக்கொல்லி மாத்திரையைத் தேடுவோர் பலர். நிறம் சான்றன்று, நாட்கணக்கே சான்று. வளர்ந்தோர்க்கு வரும் ஜலதோஷங்களில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் பாக்டீரியாத் தொற்றாக மாறுவதில்லை. பத்து நாளாகியும் தணியாமை, தணிந்து வருகையில் மீண்டும் மிகுதல், அல்லது தொடக்கத்திலேயே 102 டிகிரி பாரன்ஹீட் சுரமும் சீழ்ச்சளியும் மூன்று நான்கு நாள் நீடித்தல்: இவற்றுள் ஒன்று காணின் பாக்டீரியா என ஐயுறலாம். எக்ஸ்ரே படம் பெரும்பாலும் வேண்டுவதில்லை. ஒருபுறம் மட்டும் நாறுஞ்சளி ஒழுகின், மேற்பல்லின் வேரையும் சோதித்தல் வேண்டும்.

கொதித்தாறிய உப்புநீரால் மூக்கைக் கழுவுதலும், நோவுக்குப் பாரசிட்டமாலும் பெரும்பாலார்க்குப் போதும். நொச்சியிலை வேது சுகந்தரும். நோயின் காலத்தைக் குறைக்குமென்று துணிய இடமில்லை. கொதிநீர் கவிழ்ந்து வெந்தோரும் உளர். மூக்கடைப்பை நீக்கும் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் இடின் அடைப்பு முன்னினும் மிகும். பாக்டீரியா எனத் தெளிந்தவிடத்து வைத்தியர் அமாக்சிசிலினை ஐந்து முதல் ஏழு நாள் வரை கொடுப்பர். பன்னிரண்டு வாரங் கடந்த பீனிசம் வேறு வகையது. அதற்கு உள்நோக்குக் கருவியாற் பார்த்தல் அவசியம்.

கண் வீங்குதல், பார்வை இரட்டித்தல், பிடரி விறைத்தல் ஆகியவை தோன்றின், நள்ளிரவாயினும் ஆஸ்பத்திரிக்குச் செல்க. நீரிழிவுடையார் மூக்கிற் கரும்பொருக்கு ஒன்று தோன்றினும் அஞ்சத்தக்கது. கொரோனாவை ஒட்டிப் பரவிய இக்கருப்புப் பூஞ்சையைத் தமிழ்நாட்டரசு 2021 மே மாதத்தில் அறிவிக்கவேண்டிய நோயாக்கிற்று. ஆம்ஃபொடெரிசின் மருந்தோடு, அழிந்த தசையை அறுத்தகற்றும் இரண சிகிச்சையும் அதற்கு உடனே வேண்டும். தாமதித்தோர் சிலர் கண்ணையும், சிலர் உயிரையும் இழந்தனர்.