கியூரி அம்மையாரின் பெண்மக்கள்

மகனுடைய நற்பெயரைக் கேட்டு மகிழும் தாயைப் பற்றித் திருக்குறள் பேசுகின்றது. மகனைப் போர்க்களத்திற்கு அனுப்பிய மறக்குடி மகளிரைப் புறநானூறு போற்றுகின்றது. மகளைக் குறித்துப் பெருமிதங்கொண்ட தாயர் அந்நாளில் இல்லாமற் போயிருப்பரோ? இருந்திருப்பர். ஆயினும், அவர்தம் பெருமிதம் வீட்டு வாயிலைக் கடந்து ஊரார் செவிக்கு எட்டுவது அரிதாகவே இருந்தது. மகளின் அழகும் அடக்கமும் இல்லறத் திறமும் தாய்க்குப் பெருமை தந்தன. மகளின் அறிவும் அஞ்சாமையும் அவ்வாறே பெருமை தருவன என்று உலகம் உணர்வதற்கு நெடுங்காலம் சென்றது. அந்த மாற்றத்தை ஒரு குடும்பத்தின் வரலாற்றிலேயே காண விரும்புவோர், பாரிஸ் மாநகரில் வாழ்ந்த கியூரி அம்மையாரின் இல்லத்தை நோக்குதல் வேண்டும்.

ரேடியத்தைக் கண்டறிந்த அம்மையாரின் ஆராய்ச்சியை நீங்கள் விஞ்ஞான நூல்களிற் படித்திருப்பீர்கள். இங்கே அதைக் கூறப் புகவில்லை. அவரைத் தாயாகக் காண்போம்.

மேரி 1867 ஆம் ஆண்டில் போலந்து நாட்டு வார்சா நகரிற் பிறந்தார். அவருடைய அன்னையார் பெண்கள் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியையாக விளங்கியவர். காச நோயுற்று, மேரிக்குப் பத்து வயதாகியிருந்தபோது உயிர் நீத்தார். அக்காலத்தில் வார்சாவில் ரஷ்யரின் ஆட்சி நடைபெற்றது. அங்கிருந்த பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்ப்பதில்லை. கற்ற பெண் ஒருத்தி எட்டக்கூடிய உச்சி, ஆசிரியைப் பணிதான். மேரியும் செல்வர் இல்லங்களில் தங்கிக் குழந்தைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்து, ஈட்டிய பொருளில் ஒரு பகுதியைப் பாரிஸில் மருத்துவம் பயின்ற தம் தமக்கைக்கு அனுப்பி வந்தார். தமக்கையின் படிப்பு நிறைவேறும் காலம் வந்த பின்னரே, 1891 இல், தாமும் பாரிஸ் சென்று சார்போன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். தாம் செல்ல விரும்பிய வழியில் தமக்கு முன் நடந்து சென்ற பெண்களை அவர் மிக அரிதாகவே கண்டார். அவருடைய மகளுக்கோ அந்த முன்மாதிரி வீட்டிலேயே இருந்தது.

மூத்த மகள் ஐரீன் 1897 செப்டம்பர் 12 ஆம் நாள் பிறந்தாள். ஆராய்ச்சிக் குறிப்புகளை எத்துணை நுட்பமாக எழுதினாரோ, அத்துணை நுட்பமாகவே குழந்தையின் எடையையும், முளைத்த பற்களையும் அம்மையார் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அவர் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த நேரங்களில், குழந்தையைப் பேணியவர் பாட்டனாராகிய மருத்துவர் யூஜின் கியூரி. இளைய மகள் ஈவ் 1904 இற் பிறந்தாள். அதன்பின் இரண்டாண்டுகள் நிறைவதற்குள், 1906 ஏப்ரலில், கணவர் பியேர் கியூரி பாரிஸ் தெருவொன்றில் குதிரைப் பார வண்டியின் கீழ் அகப்பட்டு இறந்தார். ஐரீனுக்கு அப்பொழுது எட்டு வயது. கணவர் வகித்த ஆசிரியப் பணியை மேற்கொண்டு, சார்போனில் பாடஞ் சொன்ன முதற் பெண்மணியானார் அம்மையார்.

பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை நெடுநேரம் அடைத்து வைப்பதை அம்மையார் விரும்பவில்லை. ஆகவே, பேராசிரிய நண்பர்கள் சிலருடன் கூடி, தத்தம் பிள்ளைகளுக்குத் தாங்களே பாடஞ் சொல்லும் ஏற்பாடு ஒன்றை வகுத்தார். இரசாயனத்தைப் பெரேன் கற்பித்தார், கணிதத்தை லாஞ்செவின் கற்பித்தார், பௌதிகம் அம்மையாருடையது. பத்துப் பிள்ளைகள் அளவில் இருந்த அந்த வகுப்பில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே அமர்ந்தனர். ஒருநாள் அம்மையார், கலத்தில் உள்ள சூடான நீர் ஆறாமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று வினவினார். கம்பளியாற் போர்த்தலாம் என்றும், வெப்பம் வெளிச்செல்லாத உறையை அமைக்கலாம் என்றும் பிள்ளைகள் தங்கள் அறிவுத்திறனையெல்லாம் காட்டினர். அம்மையார் புன்முறுவல் பூத்து, தாமாயின் முதலில் கலத்தை மூடுவதாகக் கூறினார்! பெரிய ஆசிரியர்கள் கூடிய அந்த வகுப்பு ஏறத்தாழ இரண்டாண்டுகளே நடைபெற்றது. ஆயினும், ஐரீன் உள்ளத்தில் அது ஊன்றிய விதை நன்கு வேர்கொண்டது.

ஏட்டுக் கல்வியோடு அம்மையார் நிற்கவில்லை. வீட்டுத் தோட்டத்தில் உடற்பயிற்சிக் கம்பியும் தொங்கு வளையங்களும் ஏறுகயிறும் அமைத்துப் பெண்மக்கள் இருவரையும் பயிலச் செய்தார். நீந்தவும், மிதிவண்டியில் நெடுந்தூரம் செல்லவும் அவர்கள் பழகினர். இருட்டுக்கும் இடிக்கும் நோய்க்கும் அஞ்சலாகாது என்பது அவ்வீட்டு வழக்கம். தாயும் மகளும் பிரிந்திருந்த நாட்களில், கடிதங்களில் நலம் உசாவும் வரிகளோடு கணக்குகளும் போய்வந்தன. மகள் விடை எழுதி அனுப்புவாள். தாய் திருத்தி எழுதுவார். நம் வீடுகளில் தாய் மகளுக்கு எழுதும் கடிதங்களில் அல்ஜீப்ராக் கணக்கு இடம் பெற்றால், படிப்பவர் வியப்படையவே செய்வர். அம்மையாருக்கு அது கொஞ்சு மொழியாகவே இருந்தது போலும்!

1911 ஆம் ஆண்டு அக்குடும்பத்திற்குக் கடுமையான ஆண்டு. ஜனவரியில், பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினர் பதவிக்கு அம்மையார் விண்ணப்பித்து, மிகச் சிறிய வாக்கு வேறுபாட்டில் தோற்றார். பெண்ணை உள்ளே விடலாகாது என்று வெளிப்படையாக வாதிட்டோர் அக்காலத்தில் இருந்தனர். அயல் நாட்டாள் என்று இழித்துரைத்த பத்திரிகைகளும் உண்டு. அவ்வாண்டின் இறுதியில் அவருக்கு இரண்டாம் முறையாக நோபெல் பரிசு கிடைத்தது. டிசம்பரில் ஸ்டாக்ஹோம் சென்றபோது, பதினான்கு வயது நிரம்பிய ஐரீனையும் தம்முடன் அழைத்துச் சென்றார். ஒரே ஆண்டில், தாய் வாயிலில் நிறுத்தப்பட்டதையும் அரங்கின் நடுவே போற்றப்பட்டதையும் அச்சிறுமி கண்டாள். பின்னாளில் ஐரீனும் அதே கழகத்திற்குப் பன்முறை விண்ணப்பித்தார், ஒருமுறையும் ஏற்கப்படவில்லை. 1979 இல்தான் அக்கழகம் ஒரு பெண்ணை முழு உறுப்பினராக ஏற்றது.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. பெண்மக்கள் இருவரும் பிரிட்டனி கடற்கரையில் விடுமுறையைக் கழித்துக் கொண்டிருந்தனர். தாய் பாரிஸில் இருந்தார். உடனே வந்து நாட்டுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்று ஐரீன் துடித்தாள். பிரான்சின் இன்றைய நாளுக்கு உழைக்க இயலாவிடின் நாளைய நாளுக்காக உழைக்குமாறும், கணிதத்தையும் பௌதிகத்தையும் விடாது பயிலுமாறும் தாய் எழுதினார். இலையுதிர் காலத்தில் மகள் பாரிஸ் வந்து சேர்ந்தாள். அப்பொழுது அவளுக்கு வயது பதினேழு.

போர்க்களத்தில் குண்டு பாய்ந்து கிடக்கும் வீரனின் உடலில் அக்குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று அறியாமல் கத்தியை எடுக்கும் மருத்துவர், பல இடங்களில் வீணாகக் கீற நேரும். எக்ஸ் கதிர்களால் அதைக் காணலாம் என்பது தெரிந்திருந்தும், முன்னணி மருத்துவமனைகள் பலவற்றில் அக்கருவி இல்லை. அம்மையார் செல்வரிடமிருந்து மோட்டார் வண்டிகளைப் பெற்று, அவற்றில் எக்ஸ் கதிர்க் கருவியையும், வண்டியின் இயந்திரத்தால் இயங்கும் மின்னாக்கியையும் பொருத்திப் போர்முனைக்குக் கொண்டு சென்றார். இவ்வாறு இருபது வண்டிகளையும், ஏறத்தாழ இருநூறு நிலையான கதிர்க் கூடங்களையும் அமைத்தார். அவற்றின் வாயிலாகப் பரிசோதிக்கப்பட்ட வீரர்கள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டவர். வண்டிகளிற் சென்ற அந்த முதற் பயணங்களில் அவருக்குத் துணை நின்றவள் ஐரீன். செவிலியர் பயிற்சியும் அவள் பெற்றுக் கொண்டாள்.

பெல்ஜிய நாட்டில், போர்முனைக்குச் சில கல் தொலைவில், ஹூக்ஸ்டாடே என்னும் ஊரில் ஒரு போர் மருத்துவமனை இருந்தது. அங்கே கதிர்க் கருவியை அமைத்த அம்மையார், அதன் பொறுப்பு முழுவதையும் பதினெட்டு வயது மகளிடம் ஒப்படைத்துவிட்டு வேறிடம் சென்றார். பீரங்கி முழக்கம் கேட்கும் இடம் அது. பழகாத மருத்துவர்கள், உருச் சிதைந்து வந்த இளைஞர்கள், பழுதுற்றால் தானே செப்பனிட வேண்டிய கருவி. அங்கிருந்த படை மருத்துவர் ஒருவருக்கு வடிவ கணிதத்தின் தொடக்கப் பாடமே பகையாக இருந்ததாம். ஐரீன் அவருக்குப் பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது. அவள் விளக்கிய முறை உங்களுக்கும் எளிதில் விளங்கும். கதிர்க் குழாயை ஓரிடத்தில் வைத்துக் குண்டின் நிழலைக் குறித்துக் கொள்வர். பின்பு குழாயைச் சற்று நகர்த்தி மீண்டும் நிழலைக் குறிப்பர். குழாய் நகர்ந்த தூரமும், நிழல் நகர்ந்த தூரமும், குழாய்க்கும் திரைக்கும் உள்ள இடைவெளியும் தெரிந்தால், குண்டு கிடக்கும் ஆழத்தைக் கணக்கிடலாம். ஒத்த முக்கோணங்களைப் பற்றி நீங்கள் வகுப்பிற் கற்கும் கணக்கே அது. அக்கணக்கு அங்கே ஓர் உயிரைக் காத்தது.

மகளைத் தனியே விட்டுச் சென்ற தாயைக் கல்நெஞ்சினர் என்று கூறலாமா? ஐரீன் அவ்வாறு கருதவில்லை. தம் அன்னை தம்மையே ஐயுறாதவாறு போல மகளையும் ஐயுறவில்லை என்று பின்னாளில் அவர் நினைவு கூர்ந்தார். அம்மையார் வாய்திறந்து புகழும் இயல்பினர் அல்லர். பெருமிதத்தைச் சொல்லாற் கூறும் தாயர் பலர். அவரோ பொறுப்பை மகளின் கையில் கொடுத்துக் கூறினார். எனினும், அந்த நம்பிக்கைக்குள் ஒரு துயரமும் மறைந்திருந்தது. கையுறையும் உலோகத் திரையுமே அந்நாளில் அவர்களுக்கு இருந்த காப்பு. கதிர்கள் உடலுக்கு இழைக்கும் கேடு முழுவதும் அன்று விளங்கவில்லை. ஐரீன் 1956 இல் இரத்தப் புற்றுநோயால் ஐம்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். போர்க்காலத்து எக்ஸ் கதிர்களும், பிற்கால ஆராய்ச்சியிற் கையாண்ட பொலோனியமும் அதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. தாய் மகளுக்கு அளித்த பெருவாழ்வும் அந்த நோயும் ஒரே கூடத்திலிருந்து வந்தவை என்பதை மறைத்துப் பேசுவது முறையன்று.

போர்க்காலத்திலேயே ஐரீன் சார்போனில் கணிதம், பௌதிகம், இரசாயனம் ஆகிய தேர்வுகளிற் சிறப்புடன் தேறினார். 1916 முதல் பாரிஸ் ரேடியக் கழகத்தில் எக்ஸ் கதிர்ப் பணிக்கெனப் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. அங்கு அன்னையோடு மகளும் ஆசிரியையானார். ஏறத்தாழ நூற்றைம்பது பெண்கள் அங்கே பயின்று மருத்துவமனைகளுக்குச் சென்றனர். போருக்குமுன் எவரும் பெண்ணின் தொழிலென்று எண்ணியிராத ஒன்று, நான்காண்டுகளில் பெண்களின் தொழிலாயிற்று.

இனி இளைய மகள் ஈவின் வரலாறு. அவளுக்கு விஞ்ஞானத்தில் நாட்டம் இல்லை, இசையில் இருந்தது. இரு நோபெல் பரிசு பெற்ற தாய் அதற்காக முகஞ் சுளிக்கவில்லை; பியானோ பயில வழி செய்தார். மூத்தவளைப் போல் நீயும் ஆகு என்று இளையவளைக் கடிந்துகொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வீட்டில் அது நுழையவில்லை. 1921 இல் அமெரிக்கப் பெண்கள் ஓர் இலட்சம் டாலர் திரட்டி, ஒரு கிராம் ரேடியம் வாங்கி அம்மையாருக்கு வழங்கினர். அதனைப் பெறச் சென்றபோது மகளிர் இருவரும் உடன் சென்றனர். தாய் களைத்த வேளைகளில், விழாக்களில் அவருக்காக நின்றவர்கள் அவர்களே. பதினாறு வயது ஈவை அங்குள்ள பத்திரிகைகள் ரேடியக் கண்களையுடைய நங்கை என்று வருணித்தன. விஞ்ஞானியின் மகளிடத்திலும் கண்ணழகையே முதலிற் கண்டன அப்பத்திரிகைகள்! அந்த நங்கையே 1937 இல் தம் அன்னையின் வரலாற்றை எழுதினார். பல மொழிகளில் பெயர்க்கப்பட்ட அந்நூல் வாயிலாகவே, பாரிஸைக் காணாத எண்ணற்ற சிறுமியர் கியூரி அம்மையாரைத் தமக்கு முன்மாதிரியாகக் கொண்டனர்.

ஐரீன் 1925 இல் டாக்டர் பட்டத்திற்கு எழுதிய ஆராய்ச்சி நூலை அன்னைக்கே உரிமையாக்கி, தம்மை அவருடைய மகள் என்றும் மாணவி என்றும் அதிற் குறித்தார். அடுத்த ஆண்டில் பிரெடரிக் ஜோலியோவை மணந்தார், இரு மக்களைப் பெற்றார், ஆராய்ச்சியையும் விடவில்லை. 1935 இல் கணவரும் மனைவியும் இரசாயனத்திற்குரிய நோபெல் பரிசைப் பெற்றபோது, பதினான்கு வயதில் தாயுடன் சென்ற ஸ்டாக்ஹோம் நகருக்கு ஐரீன் மீண்டும் சென்றார். 1936 இல் பிரெஞ்சு அரசாங்கத்தில் விஞ்ஞான ஆராய்ச்சிக்குரிய துணைச் செயலர் பதவியை ஏற்றார். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததோ 1944 இல்! வாக்களிக்க உரிமையில்லாத பெண்மணி அரசாங்கத்தில் அமர்ந்தார். 1950 ஜனவரியில் கல்கத்தாவுக்கு வந்து, சாகா அவர்கள் நிறுவிய அணுப் பௌதிகக் கழகத்தைத் திறந்து வைத்தவரும் அவரே.

பரிசையும் பதவியையும் தாய் காணவில்லை. அவற்றுக்கு அடிப்படையான கண்டுபிடிப்பை மட்டுமே கண்டார். 1934 ஜனவரியில், இயல்பாகக் கதிர் வீசாத பொருளையும் கதிர் வீசச் செய்யலாம் என்று மகளும் மருமகனும் கண்டறிந்தனர். அலுமினியத்தின்மேல் ஆல்பாக் கதிர்களைப் பாய்ச்சி, அவர்கள் உண்டாக்கிய புதிய கதிர்ப்பொருளைச் சிறு கண்ணாடிக் குழாயில் இட்டு அம்மையாரிடம் காட்டினர். பல்லாண்டு ரேடியத்தைத் தொட்டுத் தொட்டுப் புண்ணான விரல்களால் அவர் அக்குழாயைப் பற்றினார். கதிர்களை எண்ணும் கருவியின் அருகே அதைக் கொண்டு சென்றார். கருவி டிக், டிக் என்று ஒலித்தது. அந்நேரம் அவர் முகத்திற் படர்ந்த மகிழ்ச்சியைத் தாம் ஒருநாளும் மறக்கவில்லை என்று ஜோலியோ பின்னர்க் கூறினார். அவ்வாண்டு ஜூலை 4 ஆம் நாள் அம்மையார் காலமானார்.